எந்தப் பிரிவிலும் சேராத புள்ளி

கணவர் போன பிறகு அவள் மறுபடி வேலைக்கு வந்த காலையில், வானாய்வு நிலையத்து வாசலில் இருந்த கைரேகை இயந்திரம் அவளை ஏற்கவில்லை. விரலை வைக்க வைக்க, “அடையாளம் தெரியவில்லை” என்று பெண்குரலில் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

“விரல் காஞ்சு போயிருக்கும்மா. கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு வாங்க,” என்றார் வாசல் காவலர்.

“சரி,” என்றாள். கேன்டீனுக்குப் போய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணெய் விரலோடுதான் அன்று முழுக்க வேலை பார்த்தாள். துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. பசி, கோபம், அழுகை எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தன. சத்தம் கேட்கும், என்ன விஷயம் என்று புரியாது.

நிலையத்தில் அவளை மறைப்பம்மா என்று கூப்பிடுவார்கள். காரணம் அவள் பார்த்த வேலை. தொலைநோக்கியை ஒரு நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினால், அதன் வெளிச்சம் பக்கத்தில் உள்ள எதையும் பார்க்கவிடாது. எதிரே வரும் லாரியின் விளக்கை ஒட்டி ஒரு பூச்சி பறந்தால் தெரியுமா? அதுபோலத்தான். விளக்கை மட்டும் ஒரு சின்னத் தகட்டால் மறைத்துவிட்டால் பூச்சி கண்ணில் பட வாய்ப்பு உண்டு. அந்தத் தகட்டைச் சரியான இடத்தில் வைப்பதும், அப்படியும் ஓரத்தில் கசிகிற வெளிச்சத்தைக் கணினியில் கழித்து எடுப்பதும் மறைப்பம்மாவின் உத்தியோகம். வருஷக்கணக்காக நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டே வந்தாள். எதன் பக்கத்திலும் எதுவும் இருந்ததில்லை.

அந்த வாரம் இருந்தது.

நமக்கு அருகிலுள்ள நட்சத்திரங்களில் ஒன்று அது. கசிவைக் கழித்து முடித்ததும், தகட்டின் கறுப்பு வட்டத்துக்கு வலது பக்கம் மங்கலாக ஒரு புள்ளி நின்றது. கேமராக் கோளாறா என்று பார்த்தாள். இல்லை. கேமராவைத் திருப்பி எடுத்த படங்களிலும் புள்ளி கேமராவோடு திரும்பாமல், வானத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியில்தான் அது தெரிந்தது. கோள் என்று சொல்ல முடியாத அளவு சூடு, நட்சத்திரம் என்று சொல்ல முடியாத அளவு மங்கல். இந்த மாதிரிப் பொருளுக்குப் பழுப்புக் குள்ளன் என்று பெயர். நட்சத்திரமாகப் பிறக்கப் பார்த்து, உள்ளே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சரக்கு சேராமல், பிறந்த சூட்டிலேயே மெல்ல ஆறிக்கொண்டிருக்கிற ஒன்று.

வீட்டில் அவளுக்கு இருந்தது மாமனார் மட்டும். ஆயுள் முழுக்க லாரி ஓட்டி, முட்டி தேய்ந்து உட்கார்ந்தவர். மகன் இறந்த பிறகு அவரும் அவளும் நிலையத்துக் குடியிருப்பில் அதிகம் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

“மாமா, இன்னைக்கு ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஏதோ இருக்கு,” என்றாள்.

“நல்லதாப் போச்சு. சாப்பிட்டியா?”

“தெரியலை மாமா.”

அவர் சுவரைப் பிடித்து எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். “சாப்பிடலை,” என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு நட்சத்திரப் பிரிவுத் தலைவரிடம் போனாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“உள்ள ஹைட்ரஜன் எரியுதா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? எரியறதுக்குத்தாம்மா இந்தப் பிரிவு. எரியாததை எல்லாம் உள்ள விட்டா நாளைக்கு மேஜை, நாற்காலி எல்லாம் நானும் நட்சத்திரம்னு வந்து நிக்கும்.”

கோள் பிரிவு எதிர் வராந்தாவில் இருந்தது. அதன் தலைவி படத்தைப் பார்த்தார், தலைகீழாக.

“எடை என்ன இருக்கும்?”

“வியாழன் மாதிரி நாற்பது மடங்கு இருக்கலாம் மேடம்.”

“பதிமூணு மடங்கைத் தாண்டினா எங்க வாசப்படி மிதிக்கக் கூடாதே. கோள்னா அடக்கமா இருக்கணும். சொன்ன பாதையில சுத்தணும், வர்ற வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் குடுக்கணும். இது என்னடான்னா தானா வெளிச்சம் விடுதுங்கறீங்க! என் பிரிவுல யாரும் தானா வெளிச்சம் விட்டது கிடையாது. நான் விட்டிருந்தா இந்த நாற்காலிக்கு வந்திருப்பேனா?”

“சரிங்க மேடம்,” என்றாள் மறைப்பம்மா.

அதே வாரம் குடியிருப்பு அலுவலர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். எதிரே உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

“உங்க வீட்டுல ஒருத்தர் இருக்காராமே?”

“என் மாமனார் சார்.”

“அதாவது உங்க கணவரோட அப்பா.”

“ஆமா சார்.”

“கணவர்?”

“இறந்துட்டார் சார்.”

“அது தெரியும், நான்கூட மாலை போட்டேனே. நான் கேக்கறது, அப்ப இவர் இப்ப யாரோட அப்பா?”

அவரே விளக்கினார்.

“உங்க கணவர் வழியாத்தான் இவர் உங்களுக்கு உறவு. நடுவுல இருந்தவர் இப்ப இல்லை. விதிப்படி பாத்தா இவர் விருந்தாளி. விருந்தாளி ஒரு மாசத்துக்கு மேல தங்கக் கூடாது. சொந்த அப்பான்னா பேச்சே இல்லை. சம்பந்தமே இல்லாத ஆளுன்னாலும் வாடகைக்கு வச்சீங்கன்னு அபராதம் போட்டு விட்டுடலாம். இவர் ரெண்டுலயும் வர மாட்டேங்கறார். எனக்கே சங்கடமா இருக்கு.”

“அவர் எங்க சார் போவார்?”

“அது எங்க பிரிவு இல்லையேம்மா. வெளிய அனுப்பற வரைக்கும்தான் நாங்க. போய்ச் சேர்றதெல்லாம் வேற.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இயக்குநர் மனசு வச்சா விதிவிலக்கு குடுக்கலாம். அவர் குடுத்ததில்லை. ஆனா குடுக்கலாம்.”

இயக்குநரைப் பார்க்க அவள் இரண்டு காரியங்களோடு போனாள். அவர் முதல் காரியத்திலேயே நின்றுவிட்டார்.

நியாயம்தான். அந்த நட்சத்திரம் நிலையத்தின் சின்னம். வாசல் வளைவில், காகிதங்களின் தலைப்பில், தேநீர்க் கோப்பைகளில் எல்லாம் அது தனியாக நின்று ஒளிர்ந்தது. கீழே “துணையின்றிச் சுடர்வோம்” என்று எழுதியிருந்தது. அதை வடிவமைத்தவரே இயக்குநர்தான்.

“நான் வாலிபத்துல இந்த நட்சத்திரத்தைச் சல்லடை போட்டுச் சலிச்சேம்மா,” என்றார் அவர். “பக்கத்துல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அந்த ‘இல்லை’க்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம். அந்த ‘இல்லை’யைப் பாத்துத்தான் என் மாமனார் எனக்குப் பொண்ணு குடுத்தார். அந்த ‘இல்லை’ மேலதான் இந்த நிலையமே நிக்குது. நீங்க வந்து ‘இருக்கு’ன்னா நாங்க எல்லாம் எது மேல நிக்கறது?”

“தெரியலைங்க சார்.”

“நட்சத்திரத்துக்கு எங்கயோ பின்னாடி, ரொம்ப தூரத்துல இருக்கற வேற ஏதாவதா இருக்கும். பாக்கறதுக்குப் பக்கத்துல மாதிரித் தெரியும்.”

அது சரியான சந்தேகம். நமக்கு அருகிலுள்ள நட்சத்திரங்கள் வானத்தில் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகரும். புள்ளி பின்னால் இருப்பதென்றால் நின்ற இடத்தில் நிற்கும். துணையென்றால் கூடவே நகரும். ஆனால் நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய் மறைந்து திரும்ப வரும்வரை மறுபடம் எடுக்க முடியாது. அதுவரை ஒரு குழு போடுகிறேன் என்றார் இயக்குநர். மாமனார் விஷயத்தையும் அதே குழுவிடம் தள்ளிவிட்டார். இரண்டும் “உடன் இருப்பவை” என்ற தலைப்பில் வருகின்றன என்பது அவர் கணக்கு. குழு முடிவு சொல்லும்வரை மாமனார் வீட்டில் இருக்கலாம்.

குழு ஏழெட்டு மாதம் கூடியது. முதல் சில கூட்டங்கள் “துணை” என்ற சொல்லிலேயே போயின. துணை என்றால் நட்சத்திரத்துக்கு ஆதரவு தேவைப்படுகிறது என்று அர்த்தமாகிவிடும், இது தன் பிரிவுக்கு அவமானம் என்றார் நட்சத்திரப் பிரிவுத் தலைவர். “உடனிருப்பு” என்று வைக்கலாம் என்றார் ஒருவர். அது ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் படுப்பவருக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் “பக்கத்தில் தென்படுவதாகச் சொல்லப்படுவது” என்று ஒத்துக்கொண்டார்கள். மறைப்பம்மாவை உள்ளே விடவில்லை. புள்ளியைப் பார்த்தவர் என்பதால் அவள் நடுநிலையாக இருக்க முடியாது என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகும் பிஸ்கட் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மாமனார், “என்ன சொன்னாங்க?” என்று கேட்பார். “இன்னும் வார்த்தை கிடைக்கலையாம் மாமா,” என்பாள்.

நட்சத்திரம் சூரியனைத் தாண்டி வெளியே வந்த சமயம், ஒரு பெரிய பதவியிலிருப்பவர் நிலையத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. உடனே தொலைநோக்கியை மூடிவிட்டார்கள். பெயின்ட் அடிக்க. படம் எடுக்க வேண்டும் என்று மறைப்பம்மா கேட்டபோது, “தொலைநோக்கியை உபயோகிச்சா அழுக்காகும்” என்று பதில் வந்தது.

விருந்தினர் சற்று உயரம் குறைந்தவர். எனவே அவர் வளாகத்தில் இருக்கும்வரை “குள்ளன்” என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று இயக்குநர் உத்தரவிட்டார். அதற்குப் பதில் “பழுப்பு ஐயா” என்று சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல், விருந்தினர் அந்தப் புள்ளியைத் தம் கண்ணாலேயே பார்க்க ஆசைப்பட்டது. அந்தத் தொலைநோக்கியில் கண் வைக்க இடமே கிடையாது. கேமரா மட்டும்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பார்ப்பது. இயக்குநர் பட்டறைக்காரரை அழைத்துத் தொலைநோக்கியின் விலாவில் ஒரு கண்துளை பொருத்தச் சொன்னார். உள்ளே, இடது பக்கமாக, சின்ன பல்பு ஒன்று. பழுப்பாக எரிய வேண்டும்.

“பழுப்பு வெளிச்சம்னு ஒண்ணு கிடையாது சார்,” என்றார் பட்டறைக்காரர். “சிவப்பு இருக்கு, மஞ்சள் இருக்கு. பழுப்பை எரிய விட முடியாது.”

“முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?”

பட்டறைக்காரர் ஒரு பல்பை எடுத்து அதன்மேல் ஷூ பாலிஷ் தடவினார்.

விருந்தினர் வந்தார். நடைபாதை முழுக்கக் கோலிக்குண்டுபோல வழவழவென்று இருந்தது. காரிலிருந்து இறங்கினதுமே அவர், “எங்கய்யா அந்தப் பழுப்புக் குள்ளன்?” என்றார். இயக்குநரின் முகத்தில் ரத்தமே இல்லை.

“பழுப்பு ஐயா மேலே இருக்கிறார்,” என்றார் மெதுவாக.

விருந்தினர் கண்துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். பாலிஷ் சூடேறி லேசாகப் புகைந்தது. “அடேயப்பா! பழுப்பாத்தான் இருக்கு. இடது பக்கமா நின்னு புகையறார்!” என்றார். ஏணி ஏறிய களைப்பு தீர ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர், வெளியே காத்திருந்த நிருபர்களிடம், “என் சொந்தக் கண்ணால் பார்த்தேன். அந்த நட்சத்திரம் இனிமேல் அநாதை இல்லை,” என்று அறிவித்தார். கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை.

எல்லாரும் விருந்துக்குப் போய்விட்டதால் அன்று தொலைநோக்கி சும்மா கிடந்தது. மறைப்பம்மா தகட்டை வைத்து நட்சத்திரத்தை மறைத்து, படம் எடுக்கும் வேலையைக் கணினியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் படம் வந்திருந்தது. கசிவைக் கழித்தாள். நட்சத்திரம் போன வருஷத்திலிருந்து நகர்ந்திருந்தது. புள்ளியும் அதே அளவு, அதே திசையில் நகர்ந்திருந்தது. வலது பக்கத்திலேயே, அதே தூரத்தில். சந்தேகமே இல்லை. அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. காத்திருந்தாள். வரவில்லை.

படத்தோடு போனபோது இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். குழு அதற்குள் முடிவெடுத்திருந்தது. விருந்தினரே பார்த்துவிட்ட பிறகு துணை இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பதால், துணை உண்டு. கண்டுபிடித்தவர் விருந்தினர். பெயர், பழுப்பு ஐயா.

வெளியிடப் போகும் படத்தை மேஜையில் விரித்தார். நட்சத்திரம் பெரிதாக, ஜொலிப்பாக இருந்தது. சின்னத்தை மறைக்கக் கூடாது என்று நட்சத்திரப் பிரிவு பிடிவாதம் பிடித்ததால் தகடு இல்லாமல் எடுத்த படம். அதனால் பக்கத்தில் எதுவுமே தெரியவில்லை. இடது பக்கம், வெறும் கறுப்பைச் சுட்டி ஒரு அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

“சார், அது வலது பக்கம் இருக்கு.”

“விருந்தினர் இடது பக்கம் பார்த்தார்.”

“அவர் பாத்தது பல்பு சார்.”

“அம்மா,” என்றார் இயக்குநர், கண்ணில் நீர் தளும்ப. “நீங்க சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் ஆராய்ச்சி தெரியாதா? உண்மை எங்கயும் போயிடாது. வலது பக்கத்துலயே இருக்கும், எப்ப வேணா பாத்துக்கலாம். பதவியில இருக்கறவர் அப்படி இல்லை, அவர் மாறிடுவார். முதல்ல யாரை கவனிக்கணும், சொல்லுங்க?” பேனாவைத் திறந்து நீட்டினார். “படத்தைச் சரிபார்த்தவர்னு கீழ ஒரு கையெழுத்து. உங்க மாமனார் விஷயமும் இன்னைக்கே முடிஞ்சிடும். விதிவிலக்கு. நான் முதல்முதலா குடுக்கறது.”

பழக்கத்தில் “சரி” என்று சொல்ல வாய் திறந்தாள். என்ன காரணமோ, “நாளைக்குச் சொல்றேன் சார்,” என்று வந்தது.

மாலையில் மாமனார் நடந்ததை முழுக்கக் கேட்டார்.

“அது எந்தப் பக்கம் இருக்கு?”

“வலது பக்கம் மாமா.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும். ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“அப்ப எதுக்கு யோசிக்கிறே? இடது பக்கம் கையைக் காட்டிட்டு வலது பக்கம் வண்டியைத் திருப்பினா பின்னால வர்றவன் என்ன ஆவான்?” முட்டியைத் தேய்த்துக்கொண்டார். “வீடு கிடக்குது. ஊர்ல வேற வீடே இல்லையா?”

“உங்களுக்கு அலைச்சல் மாமா.”

“நான் அலையாத அலைச்சலா?”

மறுநாள் இயக்குநர் அறையில், “அது வலது பக்கம்தான் சார்,” என்றாள். குரல் அவளுக்கே தட்டையாகக் கேட்டது. வீரமாக எதுவும் உணரவில்லை. பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

“அப்ப வீடு?”

“காலி பண்ணிடறோம்.”

அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்குவதற்கும் ஒரு குழு வேண்டும், எல்லாரும் களைத்திருந்தார்கள். “இதரப் பிரிவு” என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி அதற்கு அவளைத் தலைவியாக்கினார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. ஆள் கிடையாது, தொலைநோக்கி கிடையாது. படத்தில் கோள் பிரிவுத் தலைவி கையெழுத்துப் போட்டார். பிறகு வேறொரு நிலையம் அதே புள்ளியை வலது பக்கத்தில் கண்டு, முறையாக நட்சத்திரத்தை மறைத்துப் படம் வெளியிட்டது. இயக்குநர் அசரவில்லை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, ஆக அந்த நட்சத்திரத்துக்கு இரண்டு துணைகள் இருப்பது உறுதியாகிவிட்டது என்று வாழ்த்துச் செய்தி அனுப்பினார். சின்னத்தில் இரண்டு புள்ளிகள் சேர்த்தார்கள். தேநீர்க் கோப்பைகள் எல்லாம் புதிதாக வந்தன.

அதெல்லாம் பிற்பாடு. பேனாவை மூடிவிட்டு வந்த அந்த வாரமே இருவரும் வீடு தேடிக் கிளம்பினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் வராது. ஒரு வீட்டில், “நீங்க ரெண்டு பேரும் என்ன முறை?” என்று கேட்டுவிட்டுக் கதவை முக்கால்வாசி சாத்தினார்கள். மாமனார் நடுநடுவே நின்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். அவளும் நிற்பாள்.

கடைசியாக ஒரு தையல்கடை. மாடியில் ஓர் அறை காலி என்று வாசலில் அட்டை தொங்கியது. தையற்காரி உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

மறைப்பம்மா தயாராக வைத்திருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினாள். “இவர் என் மாமனார்ங்க. என் கணவர் இறந்துட்டார். அதனால விதிப்படி இவர்—”

தையற்காரி குண்டூசிகளை எடுத்துப் பஞ்சில் குத்தினார். அவர் பார்த்தது மாமனாரின் காலை.

“பெரியவரால மாடி ஏற முடியாதே,” என்றார். “பின்னால துணி போட்டு வச்சிருக்கற ரூம் இருக்கு. அதை ஒழிச்சு அவருக்குக் குடுத்துடறேன், துணி மேல ஒரு ஓரமா இருக்கட்டும். உங்களுக்கு மாடி சரியா இருக்குமா, இல்லை ரெண்டு பேரும் கீழயே இருக்கீங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். மாமனார் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த மிஷின், எத்தனை வருஷமா ஓடுது என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

மறைப்பம்மா நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்தது. காலையிலிருந்து நடந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை எரிந்தது.

“கொஞ்சம் தண்ணி குடுங்களேன்,” என்றாள். “ரொம்பத் தாகமா இருக்கு.”